பச்சைத் தாழ்ப்பாள்

பெயின்டர் நாலு மாடி உயரத்தில் ஒரு கயிற்றையும் ஒரு பலகையையும் நம்பித் தொங்கிக்கொண்டு சுவருக்கு வர்ணம் பூசுகிறவர். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். அவர் பாட்டுக்கு மேலே உட்கார்ந்து ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி பிரஷ்ஷை ஓட்டுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டுக் கொல்லையில், இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு கோழிக்கூட்டின் முன்னால் கைகால் உதற நின்றார் என்று சொன்னால், கூட வேலை செய்கிறவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொல்லையில் நாலு கோழிகள் இருந்தன. பெயர் வைத்தது வாண்டு. வாண்டு அவருடைய ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு, வீட்டில் அது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. மற்ற கோழிகளை ஓயாமல் அதட்டிக்கொண்டே இருந்தது டீச்சர். நடக்க முடியாமல் நடந்தது குண்டம்மா. யார் வாயில் எது இருந்தாலும் பிடுங்கப் போனது வம்பு. நாலாவது மேனேஜர். முட்டையும் ஒழுங்காக இடாது, மண்ணையும் கிளறாது, மற்றவை வேலை செய்வதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தபடி கொல்லையைச் சுற்றிவரும். வாண்டுக்கு அதன்மேல்தான் உயிர்.

முதலில் போனது டீச்சர். அப்போது கூடு என்று பெயருக்கு ஒரு பழைய மரப்பெட்டிதான் இருந்தது. ஒருநாள் விடிந்தும் விடியாமல் பல் துலக்கப் போன பெயின்டர், பெட்டியின் உளுத்துப்போன பலகை ஒன்று உள்ளே தள்ளப்பட்டிருப்பதைப் பார்த்தார். டீச்சர் கிடந்தது. உடம்பு முழுசாக இருந்தது, தலை மட்டும் இல்லை. பசிக்காக வந்தது என்றால் தின்றுவிட்டுப் போயிருக்க வேண்டும். இது தின்னவில்லை. மற்ற மூன்றும் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அவரைப் பார்த்தன. கோழிகள் சத்தம் போடாமல் இருந்ததுதான் அவரை என்னவோ செய்தது.

அவசர அவசரமாக டீச்சரை மதிலோரம் புதைத்துவிட்டுக் கை கழுவி நிமிர்ந்தால், வாசற்படியில் வாண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர் எங்கப்பா?"

மனுஷனுக்கு வாயில் வந்தது அதுதான். "டீச்சர் அதோட அம்மா வீட்டுக்குப் போயிருக்கு."

அந்த வீட்டில் அது பழகிய வார்த்தை. பெயின்டருக்கும் அவர் மனைவிக்கும் வாய்ச்சண்டை முற்றினால், அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புவாள். கோபம் ஆறியதும், அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு திரும்பி வருவாள். வாண்டுக்கு அம்மா வீடு என்றால் போய்விட்டு வருகிற இடம். அவளும் தலையாட்டிக்கொண்டு, "யாரோட சண்டை?" என்று மட்டும் கேட்டாள். வம்போடு என்று சொல்லிச் சமாளித்தார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். செத்துப்போனவர்களைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் சொல்வது அவளுடைய வேலையில் பாதி. விஷயம் தெரிந்ததும் அவரைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் குரலைத் தணித்துக் கடிந்துகொண்டாள்.

"செத்துப்போச்சுன்னு சொன்னா என்னங்க? புரிஞ்சுக்குவா."

"சின்னப் பொண்ணும்மா. பயந்துக்குவா."

"அவளா பயப்படறா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை, பயந்தது அவர்தான். அன்றைக்கே தெரிந்த வெல்டர் ஒருவரைப் பிடித்து இரும்புச் சட்டம் அடித்து, கெட்டியான வலை போட்டு, அடியிலும் தகரம் வைத்து, ஒரு ஜெயிலே கட்டி முடித்தார் பெயின்டர். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டியிருந்தது. வீட்டுப் பின்கதவுக்கு வாங்கியபோது ஜோடியாக வந்த இன்னொன்று சாமான் பெட்டியில் கிடந்தது, அதையே பொருத்தினார். தள்ளினால் 'டக்'கென்று விழும், இழுத்தால்தான் வரும். எலி நுழைய இடமில்லை என்று தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டார். வாண்டு கூடமாட நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு காலையில் குண்டம்மாவைக் காணோம்.

வலை கிழியவில்லை. தகரம் நகரவில்லை. சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது, தாழ்ப்பாள் கடைசிவரை இழுக்கப்பட்டிருந்தது. மதிலோரம் வரைக்கும் இறகுகள். முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அந்தத் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. போட்டுவிட்டு ஒருமுறை ஆட்டிக்கூடப் பார்த்திருந்தார்.

கடிக்கிற மிருகம் இருக்கிறது, தோண்டுகிற மிருகம் இருக்கிறது. தாழ்ப்பாளைத் திறக்கிற மிருகம் என்ன மிருகம்? அந்த இடத்தில் நின்றபடி வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பின்கதவு தெரிந்தது. அதில் இருந்ததும் அதே தாழ்ப்பாள்தான். அதற்கு அப்பால் இருந்த அறையின் ஜன்னலுக்கு உள்ளே வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"குண்டம்மாவும் அம்மா வீட்டுக்கா?" என்றாள் வாண்டு.

"ஆமா."

"எப்ப வருவாங்க?"

"வருவாங்க, வருவாங்க."

ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு அதற்குச் சோறு போட்டு வளர்க்கிற வேலையும் வந்து சேர்கிறது. பெயின்டருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அப்போது அவருடைய கவலையெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மனைவிக்கு டூட்டி முடியத் தாமதமாகிற நாட்களில் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டார்கள். சும்மா சாத்தி வைப்பார்கள். சமையலறையில் ஒரு தட்டில் சோறு போட்டு இன்னொரு தட்டால் மூடி வைப்பார்கள். அவள் சத்தம் காட்டாமல் வந்து, சாப்பிட்டு, கதவைத் தாழிட்டுப் படுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இப்போது அந்தச் சாத்திய கதவை அப்படியே விட்டுவிட்டுப் படுக்க அவரால் முடியவில்லை. கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, பழைய பெயின்ட் சுரண்டும் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வரும்வரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். முதல்நாள் அவள் கதவைத் தள்ளியபோது தகட்டை ஓங்கிவிட்டார்.

"என்னங்க இது, என்னையே வெட்டிடுவீங்க போலிருக்கே" என்று சிரித்தாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து வந்தது தட்டு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கூட்டுக்குப் பக்கம் போனவர் காலடியில் பார்த்தார். டப்பா மூடி ஒன்று, அதில் ஒரு பிடி சோறு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு மூடி. மேல் மூடி பாதி நகர்ந்து, சோறு கலைந்து கிடந்தது. யாரோ வேண்டுமென்றே வைத்தது. யார், எதற்கு? கையால் தொடப் பயந்து, ரோலர் மாட்டுகிற நீளக் கம்பை எடுத்து வந்து எட்ட நின்று தள்ளித் தள்ளிக் குப்பைக்குழியில் போட்டார். பிறகு கம்பையும் கழுவினார்.

பக்கத்து வீட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். தெரியாது என்ற வார்த்தையே வாயில் வராத ஆள். மதிலுக்கு மேலே தலையை நீட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பெயின்டரே, இது மரநாய். அதுக்குக் கை நம்ம கை மாதிரியே இருக்கும். தாழ்ப்பாள் என்ன, பூட்டையே திறக்கும்."

"சோறு யாருண்ணே வெச்சது?"

எலக்ட்ரீஷியன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆளும் சேர்ந்திருக்கான்" என்றார்.

இதைவிட அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கையுள்ள மிருகம் ஒன்று, அதற்குத் துணையாக ஒரு மனுஷன் என்று பெயின்டரின் மண்டைக்குள் இரண்டும் குடியேறிக்கொண்டன. வேலை செய்யும் இடத்தில் பலகைமேல் உட்கார்ந்திருக்கும்போதும் வீட்டு ஜன்னல்தான் கண்ணில் நின்றது. பூசிய சுவரையே மறுபடி பூசி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தால் கொல்லைக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே தாழ்ப்பாளைப் போட்டு, ஆட்டிப் பார்த்து, உள்ளே வந்துவிடுவார். படுக்கப் போகும் முன் ஜன்னல் கம்பி வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். கூட்டுக் கதவு சாத்தியிருப்பது தெரியும். தாழ்ப்பாள் அந்தத் தூரத்தில் தெரியாது. போய்ப் பார்த்தால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. இப்படி டார்ச் அடித்துப் பார்த்த ஒரு இரவு கழிந்து விடிந்தபோது வம்பும் போயிருந்தது. அதே திறந்த கதவு, அதே இழுத்த தாழ்ப்பாள். மேனேஜர் மட்டும் கூட்டின் கூரைக் கம்பியில் தொற்றிக்கொண்டு, வாய் திறந்து மூச்சு வாங்கியது.

"ஒரு பூட்டு வாங்கிப் போடுங்களேன்" என்றாள் மனைவி.

அவர் எலக்ட்ரீஷியனிடம் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"பூட்டா? கூட்டைப் பூட்டினா அது எங்க போகும்? வீட்டுப் பக்கம் திரும்பும். உள்ள குழந்தை தூங்குது. அதை வர விட்டு அந்த இடத்துலயே முடிக்கணும், பெயின்டரே. தாழ்ப்பாளைச் சுத்திச் செம்புக் கம்பி விடறேன். கரண்ட் கொடுத்துடுவோம். தொட்ட கை தொட்டபடி இருக்கும்."

அது சட்டப்படி குற்றம், புத்திப்படி பைத்தியக்காரத்தனம். நல்ல நாளாக இருந்தால் பெயின்டரே அந்த ஆளைத் திட்டி அனுப்பியிருப்பார். பயந்தவன் காதில் எல்லாமே நியாயமாகத்தான் விழும். மனைவி அந்த வாரம் ராத்திரி டூட்டி, அவளிடம் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து, கதவுச் சட்டத்திலும் தாழ்ப்பாள் பிடியிலும் தோல் உரித்த செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிவிட்டுப் போனார். ஸ்விட்ச் போர்டு வரைக்கும் இழுக்க ஒயர் போதவில்லை. "நாளைக்கு ஒயர் கொண்டாறேன், கனெக்ஷன் குடுத்துடலாம்" என்றார்.

வாண்டு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பு வெயிலில் பளபளத்தது.

"என்னப்பா இது?"

"கூட்டுக்கு வளையல் போட்டிருக்கு" என்றார் பெயின்டர். பொய் சொல்ல இப்போதெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அழகா இருக்கு" என்று விரலால் ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் பார்த்தாள்.

அவளை உள்ளே அனுப்பிய பிறகு அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. நாளைக்கு எதைக் கொல்லப் போகிறோம் என்று இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டும். மிருகம் என்றால் சரி. ஆள் என்றால்? ஜன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமான பச்சை பெயின்ட் ஒரு டப்பாவில் இருந்தது. லேசில் காயாமல் இருக்க அதில் எண்ணெயை ஊற்றிக் கலக்கினார். தொழில் தெரிந்தவர், பக்குவம் தப்பாது. தாழ்ப்பாள் பிடியில் தடிமனாக ஒரு பூச்சுப் பூசினார். எந்தக் கை தொட்டாலும் இனிமேல் சொல்லிவிடும். தாழ்ப்பாளைக் குச்சியால் தள்ளிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அன்றைக்கு வாண்டு சீக்கிரமே படுத்துவிட்டாள். வழக்கம்போலக் கொல்லைக் குழாயில் கால் கழுவப் போனாள், வந்தாள், போர்வைக்குள் நுழைந்துகொண்டாள். பெயின்டர் வாசல் பக்கம் நின்று எலக்ட்ரீஷியனோடு போனில் ஒயர் நீளம் பேசிக்கொண்டிருந்தார்.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் பின்கதவைத் திறக்கத் தைரியம் வந்தது. கையில் சுரண்டும் தகடு. ஒரு காலை வெளியே வைத்து எட்டிப் பார்த்தார்.

கூட்டுக் கதவு திறந்து கிடந்தது.

அதற்கு முன்னால், கவிழ்த்திருந்த மூடியை மூக்கால் தள்ளிக்கொண்டு, ஒன்று சோறு தின்றுகொண்டிருந்தது. நீள உடம்பு, குட்டைக் கால், தரையில் இழுபடும் வால். மரநாயோ கீரியோ, அவருக்குத் தெரியவில்லை. அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. ஓடவில்லை. பார்த்துவிட்டு மிச்சச் சோற்றையும் தின்றது. பிறகு மதிலேறி அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. போகும்போது அதன் கால்களைப் பார்த்தார். கையும் இல்லை, விரலும் இல்லை, வெறும் பாதம். அதில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

மேனேஜர் துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில், வால் இறகு பாதி போன கோலத்தில், உயிரோடு இருந்தது.

பெயின்டர் கூட்டின் அருகே போனார். தாழ்ப்பாளில் பச்சைப் பூச்சு வழித்தெடுத்தது போலக் கலைந்திருந்தது. செம்புக் கம்பிமேல் பச்சை விரல் தடங்கள். சின்ன விரல்கள். ஐந்து.

திரும்பினார். வெளிச்சத்தில் இப்போதுதான் தெரிந்தது. பின்கதவின் வெளிப்பக்கம், கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு பச்சைக் கறை. நிலைச்சட்டத்தில் இன்னொன்று. உள்ளே, நடையின் சுவரில், போன வருஷம் அவரே வெள்ளை அடித்த சுவரில், தாழ்வாக, வரிசையாக மூன்று தடங்கள். அவை வாண்டின் அறைப் பக்கம் போயின.

அது வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அந்த நடை நாலு எட்டு நீளம்தான் இருக்கும். அவருக்கு அது முடியவே இல்லை. அறைக்கதவின் ஓரத்திலும் பச்சை இருந்தது. தகட்டை ஓங்கியபடி கதவைத் தள்ளினார்.

வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, ஒரு கையைத் தலையணைக்கு மேலே நீட்டி, உள்ளங்கை விரிந்தபடி கிடந்தாள். கை முழுக்கப் பச்சை.

கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. புரிந்ததும் கண்ணில் வந்து நின்றது கோழி இல்லை, மரநாய் இல்லை. தோல் உரித்த செம்புக் கம்பிதான். ஒயர் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால்? தொட்ட கை தொட்டபடி இருக்கும் என்று அந்த ஆள் சொன்னது காதில் கேட்டது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தகட்டைத் தூர எறிந்தார். அவளுடைய மூக்கருகே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. மறுபடியும் பார்த்தார்.

அதற்குப் பிறகு எழுந்து போய் அந்தக் கம்பியைப் பிய்த்தெடுத்தார். வெறும் கையால் இழுத்ததில் விரல் கிழிந்தது. சுற்றுச் சுற்றாக இழுத்துக் கசக்கி மதிலுக்கு மேலே எலக்ட்ரீஷியன் வீட்டுக்குள் வீசினார். யாரது என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்டது.

வாண்டு எழுந்ததும் அவளைப் பின்படியில் உட்கார வைத்து, பழந்துணியில் எண்ணெய் தொட்டு உள்ளங்கையைத் துடைத்துவிட ஆரம்பித்தார். பெயின்டைக் கெடுத்ததற்குத் திட்டு விழும் என்று அவள் உம்மென்று இருந்தாள். திட்டு வராததைக் கண்டு மெல்ல வாயைத் திறந்தாள்.

"காயலைன்னு தெரியாதுப்பா."

"தாழ்ப்பாளை எதுக்குடா கண்ணு திறந்த?"

அவள் அவரை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "டீச்சரும் குண்டம்மாவும் வம்பும் வந்தா எப்படி உள்ள வருவாங்க? அம்மா வர்ற அன்னிக்கு நாம போடமாட்டோம்ல? சும்மா சாத்தித்தான வெப்போம்."

"சோறு?"

"அம்மாவுக்கு மூடி வெப்போம்ல."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இனிச் சொல்லாமல் முடியாது. சொல்லாவிட்டால் இன்றைக்கும் திறப்பாள். நாளைக்கும் திறப்பாள். அந்த மிருகம் சோற்றுக்குப் பழகிவிட்டது. அவர் நின்றபோதே அது நகரவில்லை. அவள் தட்டை வைக்கும் நேரத்தில் அது மதில்மேல் காத்திருந்தால்? சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. நாலு மாடியில் கயிறு நழுவினால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாவது இருக்கும், இங்கே அதுவும் இல்லை.

"வாண்டு, அவங்க அம்மா வீட்டுக்குப் போகலை. செத்துப் போயிட்டாங்க. ஒரு மிருகம் வந்து கடிச்சிடுச்சு. அப்பா பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை. மேனேஜரைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள். "திரும்பி வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க."

"அது எப்படிப்பா உள்ள வந்துச்சு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தார். அவளுடைய கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "அப்பா தாழ்ப்பாள் போட மறந்துட்டேன்டா. என் தப்புதான்."

பிறகு வாண்டு கையை மெல்ல உருவிக்கொண்டாள். பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பச்சை போய்விட்டிருந்தது, ரேகைகளுக்குள் மட்டும் தங்கியிருந்தது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

"நீ போட்டப்பா" என்றாள். "நான் பாத்தேன்."

காலை டூட்டிக்காரர்கள் வந்து மாற்றிவிட்டபின் வீடு திரும்பிய மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். செம்புக் கம்பியையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் யூனிஃபார்மோடு சுவரில் சாய்ந்து நின்று, "எங்க வார்டுல கரண்ட் பிடிச்ச கை பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க அவரோடு வேறு பேச்சில்லை. வாண்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நிறைய சொன்னாள். உன் தப்பில்லை, உனக்கு யாரும் சொல்லவில்லை, தெரியாமல் செய்தது தப்பாகாது என்று வார்டில் சொல்கிற அதே நிதானத்தோடு சொன்னாள். வாண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கூட்டுக்குப் பூட்டு வந்தது. மேனேஜர் பகலில்கூட வெளியே வர மறுத்தது. வாண்டும் கொல்லைப் பக்கம் போகவில்லை. கால் கழுவக் குளியலறைக்குப் போனாள். பெயின்டருக்கு மட்டும் மரநாய்ப் பயம் போயே போய்விட்டது. அதன் காலை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது: வாண்டு வாய் திறந்து எதையாவது கேட்டுவிடுவாளோ என்று. அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மனைவிக்கு டூட்டி மாறியது. முதல்நாளே தாமதமாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். விளக்குப் போட்டு, சமைத்து, சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்தார் பெயின்டர். பின்கதவைச் சாத்தினார். நாற்காலியைப் போடவில்லை. வாண்டைச் சாப்பிட வைத்துவிட்டு, அலுப்பில் வாசல் அறையில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

கதவு தட்டுகிற சத்தத்தில் விழித்தார். பின்கதவு. அந்தக் கதவை யாரும் தட்டி அவர் கேட்டதில்லை. எழுந்து போனார். நடையின் விளக்கு எரிந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்கு முன்னால் அவருடைய நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் ஏறி நின்று, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாண்டு நின்றாள்.

"யாரு?" என்றாள் வாண்டு.

"அம்மாதான்டி. கதவைத் திற."

"அம்மான்னா கையைக் காட்டு."

பெயின்டர் நாலடி தள்ளி நின்றார். போய்த் திறக்க வேண்டும் என்று தெரிந்தது, கால் வரவில்லை. பிறகு கதவை ஒட்டிய நடை ஜன்னலின் கம்பிக்குள்ளே ஒரு கை மெல்ல நுழைந்தது. காலையிலிருந்து மருந்திலும் சோப்பிலும் கழுவிக் கழுவி வெளுத்துப்போன கை. உள்ளங்கையை மேலே திருப்பி விரல்களை விரித்துக் காட்டியது.

வாண்டு நாற்காலியிலிருந்து இறங்கி ஜன்னலுக்குப் போனாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வந்து தாழ்ப்பாளை இழுத்தாள். அம்மா உள்ளே காலை வைத்ததும் வைக்காததுமாக அதை மறுபடி போட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.